தனியொருவர் வினையும் அதன் பயனும்

மென்பொருளைத் தாமே எழுதி, தாமே விலை வைத்து, தாமே சந்தைக்குக் கொண்டு செல்பவர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு தனி வகுப்பாகவே வளர்ந்திருக்கின்றனர். கூட்டாளியோ முதலீட்டாளரோ பணியாளரோ இன்றி இயங்கும் இவர்களைத் தனியாள் தொழில்முனைவோர் எனலாம். ஒரு பொருளை வெளியிட்டு, அது வென்றபின்னோ வீழ்ந்தபின்னோ, அதிலிருந்து கற்ற பாடங்களை வரிசைப்படுத்தி எழுதுவது இவர்களிடையே ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. அப்பாடங்களை மேலோட்டமாகப் படிப்பவருக்கு விலை, விளம்பரம், வெளியிடும் காலம் ஆகியவை பற்றிய அறிவுரைகளே கண்ணில் படும் என்றாலும், அவற்றின் அடியில் இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலமாக வாதிட்டு வந்த மூன்று வினாக்கள் கிடக்கின்றன: செயலுக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பு யாது, அச்செயலைச் செய்தவர் உண்மையில் யார், வந்த பயன் யாருக்கு உரியது. வணிக அறிவுரைகள் முதல் வினாவோடு நின்றுவிடுவதோடு, அதற்கும் அவசரமாகவே விடை கூறுகின்றன.

இரு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்தால் அவ்விடையின் வலுவின்மை புலப்படும். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் லெவல்ஸ், பன்னிரண்டு மாதங்களில் பன்னிரண்டு தொழில்களைத் தொடங்குவதென 2014 இல் உறுதி பூண்டு, அரைகுறையானவற்றையும் துணிந்து வெளியிட்டு வந்தார். ஊர் ஊராகச் சென்று இணையவழியே வேலை செய்வோருக்காக நகரங்களை ஒப்பிட்டுக் காட்டும் நோமாட் லிஸ்ட் அம்முயற்சியில் பிறந்ததேயாகும். அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் எரிக் பாரோன் என்ற இளைஞர், ஸ்டார்டியூ வேலி என்னும் ஒரே விளையாட்டின்மீது ஏறக்குறைய நாலரை ஆண்டுகளைச் செலவிட்டு, நிரல், ஓவியம், இசை, கதை அனைத்தையும் தம் கையாலேயே செய்து, மனநிறைவு தராத பகுதிகளை அழித்து மீண்டும் செய்து, 2016 பிப்ரவரியில்தான் அதை வெளியிட்டார். 2024 இறுதிக்குள் அது நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருந்தது. முன்னவரைப் போற்றுவோர் விரைந்து வெளியிடுக என்று விதி வகுப்பர்; பின்னவரைப் போற்றுவோர் முதிரும்வரை காத்திருக்கச் சொல்வர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூலை, அதாவது சரியாக அறிவதற்கான வழிமுறைகளை, கற்பிக்குமிடத்தில் ஏதுப் போலிகளுள் ஒன்றாக அநைகாந்திகம் என்பது பேசப்படுகிறது. ஒரு முடிவை நிறுவுவதற்காகக் காட்டப்படும் காரணம், அம்முடிவு உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுமாயின், அக்காரணம் எதையும் நிறுவாது என்பது அதன் பொருள். விரைவு வென்றவரிடமும் இருந்தது, தோற்றவரிடமும் இருந்தது, பொறுமையும் அவ்வாறே. எழுபதுக்கும் மேற்பட்ட தம் முயற்சிகளில் நான்கு மட்டுமே பொருள் ஈட்டி வளர்ந்தன என்று லெவல்ஸே பின்னாளில் கணக்குக் காட்டியபோது, தம் வெற்றியின் காரணமாகக் கருதப்பட்ட விரைவு, அறுபதுக்கும் மேற்பட்ட தோல்விகளிலும் உடனிருந்ததை அவரே ஒப்புக்கொண்டதாயிற்று. பாடம் எழுதும் வெற்றியாளர்கள் பலரிடம் இந்த நேர்மை இல்லை.

காரணம் அகப்படவில்லை எனில், காரணமே இல்லை என்று முடிவு செய்யும் ஒரு வழியும் உண்டு. ஆசீவகர் அவ்வழியில் சென்றவர்கள். மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட அச்சமயத்தின் நூல்கள் அழிந்துபோயினும், மணிமேகலையும் நீலகேசியும் சிவஞான சித்தியாரும் அதனை மறுப்பதற்காகவேனும் எடுத்துக் கூறியதால் அதன் கோட்பாடு தமிழில் எஞ்சியிருக்கிறது: பேறு, இழப்பு, இடையூறு, இன்பம், துன்பம் ஆகியவை ஒருவர் கருவில் உருவாகும்போதே நியதியால் அமைந்துவிடுகின்றன; முயற்சி அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மென்பொருள் உலகில் இக்கோட்பாடு ‘எல்லாம் நல்லூழ்’ என்ற எளிய உருவில் உலவுகிறது. வியட்நாமின் ஹனோய் நகரத்தைச் சேர்ந்த டோங் நுயென் இரண்டு மூன்று நாள்களில் எழுதி முடித்து 2013 மே மாதத்தில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் இட்ட ஃபிளாப்பி பேர்ட் என்ற சிறு விளையாட்டு, எட்டு மாதங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 ஜனவரியில் எவ்விதப் புது விளம்பரமும் இன்றிப் பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்கு ஏறியதைக் காண்பவருக்கு ஆசீவகர் சொன்னது சரிதானோ என்று தோன்றாமற் போகாது. ஆயினும் நியதிக் கொள்கை எந்த நிகழ்ச்சியையும் அது நிகழ்ந்தபின் விளக்கிவிடும். நிகழுமுன் எதையும் சொல்லாது. ஊழின் வலிமையை அறத்துப்பாலின் இறுதியில் ஐயத்துக்கிடமின்றிக் கூறிய வள்ளுவரே, பொருட்பாலில் ஆள்வினையுடைமையைப் பேசும்போது விடாமுயற்சியால் அவ்வூழையும் பின்தள்ளலாம் என்கிறார். இவ்விரண்டையும் முரண்பாடு என்று கொள்வதைவிட, முடிந்துபோன செயலை நோக்கும் பார்வையும் செய்யவிருக்கும் செயலை நோக்கும் பார்வையும் வேறுவேறு என்று கொள்வதே பொருந்தும்.

ஃபிளாப்பி பேர்டின் செயலுக்கும் பயனுக்கும் இடையே நின்ற அந்த எட்டு மாத இடைவெளி தத்துவத்துக்குப் புதியதன்று. வேள்வி இன்று முடிந்துவிடுகிறது, அதன் பயனாகிய சுவர்க்கமோ என்றோ ஒருநாள் கிட்டுகிறது. இடையில் இரண்டையும் இணைப்பது எது என்று கேட்ட மீமாஞ்சகர், செயலிலிருந்து தோன்றிக் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் ஆற்றல் ஒன்றைக் கற்பித்து அதற்கு அபூர்வம் என்று பெயரிட்டனர். சைவ சித்தாந்தம் இதனை ஏற்பதில்லை. வினை அறிவற்ற சடப்பொருளாதலால் தன்னைச் செய்தவரைத் தேடிச் சென்று பயனை ஊட்டும் தகுதி அதற்கு இல்லை என்றும், அறிவுடைய இறைவனே உயிர்களுக்கு அவற்றின் வினைப்பயனைக் கூட்டுவிக்கிறான் என்றும் மெய்கண்டார் மரபினர் வாதிடுவர். இறைவனை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் இவ்வாதத்தில் கவனிக்கத்தக்க ஒரு கூறு உண்டு: செயலுக்குள்ளேயே பயன் அடங்கியிருக்கவில்லை, வேறொன்று வந்து கூட்ட வேண்டியிருக்கிறது. தனியாள் தொழில்முனைவோர் எழுதும் பாடங்களில் மிகவும் குறைவாகக் காணப்படுவது இந்த எண்ணமே.

இங்கே இரண்டு ஐந்துகளை ஒப்பிடுவது பயனுடையது. வினை செயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு செயலில் இறங்குமுன் ஐயமற ஆராயவேண்டியவை செல்வம், கருவி, காலம், செயலின் இயல்பு, இடம் என ஐந்து என்கிறார். பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயமும் எச்செயலும் நிறைவேறுவதற்கான காரணங்களை ஐந்தாகவே எண்ணுகிறது: அதிட்டானம் எனப்படும் நிலைக்களம், செய்பவர், பலவகைக் கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். முதற்பட்டியலில் தெய்வம் இல்லை. செய்பவரும் இல்லை, ஏனெனில் அப்பட்டியலைக் கையில் வைத்து ஆராய்பவரே அவர். இரண்டாவதிலோ செய்பவர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறார். வள்ளுவரின் ஐந்து திட்டமிடுதற்கு உரியவை. கீதையின் ஐந்து, நடந்ததற்கு யார் பொறுப்பு என்று பின்னர் கணக்குப் பார்ப்பதற்கு உரியவை. பாடம் எழுதுவோர் பெரும்பாலும் முதற்பட்டியலைக் கொண்டே இரண்டாவது வேலையைச் செய்துவிடுவதால், தம் ஆட்சிக்குட்பட்ட ஐந்தை மட்டும் கண்டு, அவற்றை ஆண்ட தம்மையே முழுக்காரணமாக முடிவு செய்கின்றனர். இவ்வைந்தும் இருக்கத் தன்னை மட்டுமே செய்பவனாகக் காண்பவன் சரியாகக் காணாதவன் என்று கீதை அங்கேயே கடுமையாகக் கூறிவிடுகிறது.

ஜோஷ் வார்டில் என்ற பொறியாளர் வெளியிட்ட வேர்டில் என்னும் சொல் விளையாட்டைக் கொண்டு கீதையின் இவ்வைந்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். அவர் 2013 இலேயே அதன் முன்வடிவத்தைச் செய்து கைவிட்டவர். பின்னர்ச் சொல்விளையாட்டுகளை விரும்பும் தம் துணைவியாருக்காக அதனை மீண்டும் எடுத்து, 2021 அக்டோபரில் பொதுமக்கள் ஆடுமாறு வெளியிட்டார். ஆங்கிலத்தில் உள்ள ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களைச் சலித்து, பொதுவாக அறியப்பட்ட சுமார் 2,500 சொற்களாகக் குறைத்தவர் அத்துணைவியாரே. அவ்வேலை நடைபெறாதிருந்தால், யாரும் அறியாத சொற்களோடு மோதிச் சலித்து ஆட்டக்காரர்கள் விலகியிருப்பர். நியூசிலாந்தில் சிலர் தம் ஆட்டத்தின் முடிவை வண்ணச் சதுரங்களாகத் தாமே தட்டச்சுச் செய்து நண்பர்களோடு பகிர்வதைக் கண்ட வார்டில், அதனைத் தானாகச் செய்யும் வசதியை டிசம்பரில் சேர்த்தார். விளையாட்டு பரவியதில் அச்சதுரங்களுக்குப் பெரும் பங்குண்டு. நவம்பர் முதல் நாள் 90 பேர் ஆடிய அதனை 2022 ஜனவரி 2 அன்று மூன்று இலட்சம் பேர் ஆடினர். களம் உலாவிகளையும் சமூக ஊடகங்களையும் நடத்துவோருக்கு உரியது. கருவிகள் முன்னோர் எழுதிய நிரல்மொழிகள். முயற்சிகளுள் ஒன்று துணைவியாருடையது, இன்னொன்று பெயர் தெரியாத ஆட்டக்காரர்களுடையது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த மக்களின் மனநிலையை, விரும்பினால், ஐந்தாவது இடத்தில் வைக்கலாம். வார்டிலின் பங்கு இவற்றால் சிறிதும் மங்கவில்லை. நாளுக்கு ஒரே சொல், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று அவர் வகுத்த கட்டுப்பாடுகள் அவருடையவையே. தனியொருவர் என்ற அடைமொழி கூலிக் கணக்கைச் சொல்கிறது, காரணக் கணக்கைச் சொல்லவில்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

அடுத்ததாக, பயனில் பற்று வைக்காதே என்ற கீதையின் போதனை தொழில்முனைவோரிடையே பெறும் விளக்கத்தைச் சற்று ஐயத்துடனேயே நோக்க வேண்டியிருக்கிறது. கடமையைச் செய்துவிடு, விளைவைப் பற்றிக் கவலைப்படாதே என்று அதனைச் சுருக்கிக்கொள்வோர், யாரும் பயன்படுத்தாத பொருளை ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டிருப்பதற்கு அதையே சான்றாகக் காட்டுவதுண்டு. ஒரு கருவியின் இருப்பே அதனைக் கையாள்பவரின் பயன்பாட்டில்தான் இருக்கிறது என்பதால், அப்பயனை நோக்காதவர் தம் செயலையே நோக்காதவராகிறார். இராமானுசர் தம் கீதை உரையில் துறவை மூன்றாகப் பகுத்திருப்பது இச்சிக்கலை அவிழ்க்க உதவும். செயலின் பலன் எனக்கு என்பதை விடுதல் பலத்தியாகம். செயல் என்னுடையது என்பதை விடுதல் மமதைத் தியாகம். செய்பவன் நானே என்பதை விடுதல் கர்த்திருத்துவத் தியாகம். பிரம்ம சூத்திர உரையில் அவர், உயிருக்குச் செயலாற்றும் தகுதி மெய்யாகவே உண்டு, ஆனால் அது பரம்பொருளைச் சார்ந்தது என்று நிறுவுவதால், இத்துறவு கைகட்டி அமர்வதாகாது. மூன்றில் எளியது முதலாவது என்பது பெரும்பாலோர் எண்ணத்துக்கு மாறானது. 1982 இல் அமெரிக்காவின் ஜிம் நாப்ஃப், பிசி-ஃபைல் என்ற தம் மென்பொருளை எவரும் படியெடுத்துக்கொள்ளலாம், விரும்பினால் ஒரு சிறு தொகை அனுப்பலாம் என்று வெளியிட்டபோது, பலனை முழுதும் பெறுபவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். ஷேர்வேர் எனப் பின்னர் பெயர்பெற்ற அம்முறை பலருக்கு வாழ்வளித்தது. தனியாளாகப் பணிபுரிவோருக்குக் கடினமானது இரண்டாவது. ஒவ்வொரு வரியையும் தாமே எழுதியவர், அப்பொருளின்மீது வைக்கப்படும் குறையைத் தம்மீது வைக்கப்பட்டதாகவே கேட்கிறார். அதனால் குறையைத் திருத்தும் வாய்ப்பையும் இழக்கிறார். பயனரின் பலனை உற்றுநோக்கவும் தம் பலனை விடவும் ஒரே நேரத்தில் இயலவேண்டும் என்றால், முதலில் தளர்த்தப்பட வேண்டியது இந்த என்னுடையது என்னும் பிடியாகும்.

இதனை ஓரளவு நிகழ்த்திக் காட்டியவராக டி. ரிச்சர்ட் ஹிப்பைச் சொல்லலாம். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் ஈடுபட்டிருந்தபோது எழுந்த தேவையிலிருந்து அவர் எழுதிய எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள நிரல் 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. தனி வழங்கி எதுவும் வேண்டாமல் ஒரு செயலிக்குள்ளேயே அடங்கித் தகவல்களைச் சேமித்துத் தேடித் தரும் அது, இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் இணைய உலாவிகளிலும் இருக்கிறது. ஹிப் அதன் பதிப்புரிமையை அறவே துறந்து பொதுவுடைமையாக்கினார். நிரற்கோப்புகளின் தலைப்பில் வழக்கமாக இடம்பெறும் சட்ட அறிவிப்புக்குப் பதிலாக, படிப்பவருக்கு ஒரு வாழ்த்தை எழுதிவைத்தார். (இலவசமாகவே கிடைக்கும் அதற்கு உரிமப் பத்திரம் ஒன்று வேண்டும் என்று தம் சட்டத்துறைகள் வற்புறுத்துவதால் விலை கொடுத்து அதனை வாங்கும் நிறுவனங்கள் உண்டு, துறந்தவரிடமிருந்து துறவுச் சான்றிதழ் கேட்கும் இவ்வழக்கம் உலகியலின் வேடிக்கைகளுள் ஒன்று.) உரிமையை இவ்வளவு தளர்த்தியவர் பொறுப்பைச் சிறிதும் தளர்த்தவில்லை. வெளியார் எழுதும் நிரலை எஸ்கியூலைட் பொதுவாக ஏற்பதில்லை. 2050 வரை அதனைப் பேணுவது என்பது அதன் ஆக்குநர்கள் அறிவித்த நோக்கம். என்னுடையது என்பதை விடுதலும் என் கடமை என்பதை விடுதலும் வேறானவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை இத்துறையில் காண்பது அரிது.

2018 இல் ஹிப்பின் குழு தன் ஒழுக்க நெறியாக ஒரு பழைய நூலின் பகுதியை அறிவித்தபோது மென்பொருள் உலகம் வியப்பும் கோபமும் கொண்டது. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என வழங்கும் புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் துறவு மடங்களுக்காக வகுத்த சபை ஒழுங்கின் நான்காம் அதிகாரம் அது. கடவுள் நம்பிக்கையை வேலையிடத்து விதியாக்கலாமா என்ற வினா நியாயமானதே. அது பிறரைக் கட்டுப்படுத்தும் விதியன்று, ஆக்குநர்கள் தமக்கே ஏற்றுக்கொண்ட உறுதி என்று அவர்கள் விளக்கினர். அவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாத இன்னோர் அதிகாரம் அதே நூலில் உண்டு. மடத்தில் கைவினைஞர் இருப்பின் அவர்கள் தலைவரின் இசைவோடு பணிவுடன் தம் தொழிலைச் செய்யலாம் என்று கூறும் ஐம்பத்தேழாம் அதிகாரம், தம் திறமையால் மடத்துக்கு ஏதோ நன்மை செய்துகொண்டிருப்பதாக ஒருவர் செருக்குற்றால், அவரை அத்தொழிலிலிருந்தே விலக்கிவிடவேண்டும் என்றும், செய்த பொருள்களை விற்கும்போது வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைவாகவே விற்கவேண்டும் என்றும் விதிக்கிறது. இரு விதிகளும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாகத் தோன்றவில்லை. செய்பவன் நானே என்ற எண்ணமும் பேராசை கலந்த விலையும் ஒரே வேரின் கிளைகள் என்று பெனடிக்ட் கண்டிருக்கவேண்டும். இராமானுசர் தத்துவ நுண்மையோடு பகுத்த மூன்றாம் துறவை, அவருக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னர் இத்தாலியில் ஒருவர் பட்டறை நிர்வாகமாக எழுதிவைத்திருக்கிறார்.

டோங் நுயெனின் செயல் இவற்றுள் எதிலும் எளிதாக அடங்காது. நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை விளம்பர வருவாய் தந்துகொண்டிருந்ததாகக் கூறப்பட்ட விளையாட்டை அவர் 2014 பிப்ரவரி 10 அன்று நீக்கினார். மக்களை அடிமைப்படுத்துவதாக அது மாறிவிட்டது என்பதும், தம் எளிய வாழ்வு குலைந்துவிட்டது என்பதும் அவர் கூறிய காரணங்கள். கீதையின் பாகுபாட்டில், உடல் வருத்தத்துக்கு அஞ்சிச் செயலை விடுவது இராசதம், மயக்கத்தால் விடுவது தாமதம், பற்றையும் பலனையும் மட்டும் விட்டுச் செயலைத் தொடர்வதே சாத்துவிகம். தம் அமைதிக்காக விட்டார் என்று கொண்டால் அவர் துறவு இராசதமாகும். பிறருக்கு நேரும் தீங்கைக் கண்டு விட்டார் என்று கொண்டால், துறக்கப்பட்டது பலன் மட்டுமன்று, தீய செயலுமாகும், அதற்கு இப்பாகுபாட்டில் தனி இடம் இல்லை, ஏனெனில் அங்கே பேசப்படுவது கடமையான செயல் மட்டுமே. பின்னது உண்மைக்கு நெருக்கமானது எனக் கருதலாம். ஆயினும் விடப்பட்ட வினை திரும்பி வரவில்லை: விளையாட்டு முன்பே பதிந்திருந்த கைப்பேசிகள் பெரும் விலைக்கு ஏலத்தில் வைக்கப்பட்டன, நகல்கள் ஆப் ஸ்டோரை நிரப்பின. இப்பிறவியில் புதிதாகச் செய்யப்படும் வினையைச் சித்தாந்தம் ஆகாமியம் என்னும். செய்தவர் தம் கையை எடுத்துக்கொண்டபின்னும் அது தன் வழியில் நடந்துகொண்டே இருக்கும் என்பதை இவ்வளவு விரைவாகக் காட்டும் ஊடகம் முன்பு இருந்ததில்லை.

சித்தாந்தம் இருவினையொப்பு என்று ஒரு நிலையைப் பேசுகிறது: நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி உயிர் நிற்கும் பக்குவம். எழுபது பொருள்களை வெளியிட்டு, எது விழுந்தாலும் வருந்தாமல் அடுத்ததற்குச் செல்பவரிடம் இந்நிலை இருப்பதாகச் சிலர் சொல்வது பொருந்தாது. அங்கே ஆசை குறையவில்லை, பல இடங்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. அது அறிவுடைய வணிகம். குறை கூறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

எஞ்சும் எதிர்வாதம் வலிமையானது. பெனடிக்டின் மடத்தில் தொழிலிலிருந்து விலக்கப்பட்ட கைவினைஞருக்கும் அன்றிரவு உணவு உண்டு. வாடகையும் பள்ளிக் கட்டணமும் அடுத்த மாத விற்பனையைச் சார்ந்திருக்கும் ஒருவரிடம் பயனைத் துற என்பது எவ்வாறு நியாயமாகும்? பாரோனின் நாலரை ஆண்டுகள் அவருடைய துணைவியாரின் ஊதியத்தாலும், அரங்கம் ஒன்றில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் பகுதிநேர வேலையாலும் தாங்கப்பட்டவை. பற்றின்மையை மனப்பயிற்சியாக மட்டும் பேசும் நூல்கள் இவ்வினாவை இல்லறத்தார் பொறுப்பில் விட்டு நகர்ந்துவிடுகின்றன. ஹிப் அதனை நிறுவன ஏற்பாடாகக் கையாண்டார்: எஸ்கியூலைட்டை விலையின்றி வழங்கிக்கொண்டே, அதனால் பயன்பெறும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் கூட்டமைப்பு ஒன்றை, மொசில்லா முதலான உறுப்பினர்களோடு 2007 இல் அமைத்து, அதில் உறுப்பினராக இருப்பவருக்கும் நிரலின் போக்கை முடிவு செய்யும் அதிகாரத்தைத் தராமல், தம்மையும் உடன் உழைப்போர் ஓரிருவரையும் அதைக் கொண்டே வாழவைத்து வருகிறார்.